பொருநை நெல்லும் புகையானும்

பொதிய மலையிலே தோன்றி, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, வயலையும் வாழையையும் வளர்த்துச் சென்று, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் ஆறு தாமிரபரணி. பொருநை என்பது அதன் பழம்பெயர். அதன் கரையில் விளங்கும் பெருநகரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. மழைவெள்ளம் கொண்டுபோகாதபடி இறைவன் நெல்லுக்கு வேலியிட்ட ஊர் ஆதலின் திருநெல்வேலி ஆயிற்று என்பது அந்நாட்டார் வழங்கும் கதை.

இந்தப் பள்ளத்தாக்கில் நெல் எத்தனை காலமாக விளைகிறது என்று ஒருவர் கேட்டால், அதற்கு விடை மண்ணுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள சிவகளை என்னும் ஊரில் முதுமக்கள் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் நெல் இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அக்கணக்கைக் கண்டு சொன்னது அமெரிக்க நாட்டு மயாமி நகரத்து ஆய்வுக்கூடம். மூவாயிரம் ஆண்டுகள் மண்ணுள் உறங்கிய நெல், தன் வயதைச் சொல்வதற்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

ஆயினும் பொருநை நெல் கடல் தாண்டியது அதுவே முதன்முறை அன்று. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இப்பள்ளத்தாக்கின் நெல் வகை ஒன்று பிலிப்பைன்சுத் தீவுகளுக்குச் சென்று, அங்கே ஒரு பெரும் புதிரை விடுவிக்கத் துணைசெய்தது. அதன் வரலாறு ஊரார் பலரும் அறியாதது. நாடுகள் ஒன்றோடொன்று கொண்டும் கொடுத்தும் வளர்க்கும் அறிவியல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அவ்வரலாறு தெளிவாகக் காட்டும்.

பொருநைக்கரை உழவர்க்குப் பருவம் இரண்டு. தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருகும்போது செய்யும் சாகுபடி கார். வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குவது பிசானம். ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளுள் ஏழு பழைய ஆட்சியாளர் காலத்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. இவ்வணைகளிலிருந்து பிரியும் கால்களின் ஓரமாக, மடைக்கு மடை, மண்ணுக்கு மண், பலவகை நெற்கள் விளைந்தன. ஓர் உழவன் தன் வயலில் நன்றாக விளைந்த கதிரை விதைக்கென ஒதுக்கிவைப்பான். அவன் மகன் அதிலிருந்து மேலும் நல்லதைத் தேர்வான். பெயர் தெரியாத இவர்களே இந்நாட்டின் முதல் நெல்லாராய்ச்சியாளர் என்றால் அது மிகையன்று.

1937ஆம் ஆண்டில் அம்பாசமுத்திரத்தில் அரசினர் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினர். அங்கே தொடக்க காலத்தில் நடந்த வேலை எளிமையானது. ஆனால் பொறுமை மிகவும் வேண்டுவது. உழவர் வயலில் விளையும் நெல்லைச் சேர்த்து, அதில் கலந்து கிடக்கும் பலவற்றுள் ஒரே ஒரு செடியின் வித்தைத் தனியே விதைத்து, தலைமுறை தலைமுறையாக மாறாமல் விளையும் தூய வழியைப் பிரித்தெடுத்தனர். அவ்வாறு தேர்ந்தெடுத்த வகைகளுக்கு ஊரின் பெயரைக் குறிக்கும் ஏ.எஸ்.டி. என்னும் ஆங்கில எழுத்துகளோடு எண்ணும் இடப்பட்டது. உழவர் வாயில் அதுவே அம்பை என்று சுருங்கியது. இவ்வரிசையில் ஏழாவது நெல் ஏ.எஸ்.டி. 7. கார்சம்பாச் சிவப்பு என்றும் அது பட்டியல்களிற் குறிக்கப்படுவதுண்டு. அந்நாளில் அதனைப் பார்த்த எவரும் அதில் தனிச்சிறப்பு எதையும் கண்டிருக்க மாட்டார். அதன் பெருமையை வெளிப்படுத்தியது ஒரு சிறு பூச்சி.

அப்பூச்சியின் பெயர் புகையான். பழுப்பு நிறமான தத்துப்பூச்சி. நெல்மணி அளவுகூட இராது. நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நூற்றுக்கணக்காக அடைந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். மேலே நின்று பார்ப்பவனுக்குப் பயிர் பசுமையாகவே தோன்றும். ஒரு வாரம் சென்று பார்த்தால் வயலின் நடுவே பாய் விரித்தாற்போல வட்டமாகப் பயிர் காய்ந்து கிடக்கும். தீயில்லாமல் புகைந்து கருகியது போன்ற தோற்றம்; பெயரின் காரணமும் அதுவே. வட்டம் நாளுக்கு நாள் பெருகும். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் புகையான் தாக்கினால், அறுவடைக்கு வைக்கோல்கூட மிஞ்சாது.

புகையானுக்கு நாட்டெல்லை கிடையாது. ஜப்பானிலும் கொரியாவிலும் குளிர்காலத்தை அதனால் தாங்க முடியாது. ஆயினும் ஆண்டுதோறும் கோடையில் அது அவ்வயல்களிற் காணப்படும். எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் விளங்காத மருமமாக இருந்தது. 1967ஆம் ஆண்டில், ஜப்பானுக்குத் தெற்கே பசிபிக் பெருங்கடலில் நின்ற வானிலைக் கப்பல் ஒன்றைத் தத்துப்பூச்சிக் கூட்டம் மொய்த்துக்கொண்டது. கரையே கண்ணிற்படாத நடுக்கடலில் பூச்சி! தெற்கே உள்ள நாடுகளின் வயல்களிலிருந்து காற்றோடு காற்றாக அது கடலைக் கடக்கிறது என்பது அதனாலேயே தெளிவாயிற்று. ஒரு நாட்டின் வயலில் பெருகிய பூச்சி மற்றொரு நாட்டின் கஞ்சிக்கலத்தைக் கவிழ்க்கும்போது, மருந்தை மட்டும் ஒவ்வொரு நாடும் தனித்தனியே தேடிக்கொள்ளலாம் என்பது பொருந்தாத எண்ணம்.

இப்பூச்சி வெப்ப நாடுகளில் முன்பு அத்துணைக் கொடுமை செய்ததில்லை. அதற்கு வலிமை தந்தது, வியப்பென்னவெனில், மனிதன் தேடிப்பெற்ற வளமே. 1960ஆம் ஆண்டில் பிலிப்பைன்சு நாட்டு லாஸ் பானியோஸ் என்னும் ஊரில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அந்நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் ஆசியாவின் பசியைத் தணித்தது. அதன் தாய்வழி பீட்டா என்னும் இந்தோனேசிய நெல். தந்தைவழி தைவான் நாட்டுக் குட்டை நெல். பீட்டாவின் பெற்றோருள் ஒன்று வங்காளத்து லத்திசைல். இத்தனை நாட்டுக் கலப்பில் பிறந்த நெல்லைத் தமிழ்நாட்டு உழவரும் தம் சொந்த நெல்லாகவே ஏற்றனர். உழவர் ஒருவர் அதன் நினைவாகத் தம் மகனுக்கு ஐ.ஆர். எட்டு என்பதையே பெயராக இட்டாராம். ஆனால் இந்நெல் அடர்ந்து தூர் கட்டும். நிறைய உரம் உண்ணும். நீர் உள்ள இடத்தில் ஆண்டு முழுவதும் பயிராகும். அடர்ந்த நிழலும் ஈரமும் கொழுத்த தண்டும் ஓயாத உணவும் புகையானுக்கு அமைத்துக் கொடுத்த விருந்தாயின. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் வயல்கள் கருகின. 1973–74இல் கேரளத்துக் குட்டநாடும் இதற்கு இரையாயிற்று.

பூச்சிமருந்து தெளித்தால் தீராதோ என்று தோன்றலாம். தெளித்துப் பார்த்தனர். மருந்து, புகையானைத் தின்னும் சிலந்திகளை முதலிற் கொன்றது. தண்டினுள் இடப்பட்ட புகையான் முட்டைகளோ தப்பிப் பொரித்தன. எதிரியில்லாத வயலில் அவை முன்னிலும் பன்மடங்கு பெருகின. இதனை நன்குணர்ந்த இந்தோனேசிய அரசு 1986இல் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது.

மருந்து வெளியிலிருந்து வருவதைவிட நெல்லின் உள்ளேயே இருந்தால் நலம் அல்லவா? இவ்வெண்ணத்தோடு லாஸ் பானியோசில் ஆராய்ச்சியாளர் தம்மிடம் சேர்ந்திருந்த பலநாட்டு நெற்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். சோதனை முறை எவரும் விளங்கிக்கொள்ளக் கூடியது. ஒரு தட்டில் மண் பரப்பி, வரிசைக்கு ஒரு வகையாக நெல்லை விதைப்பர். நாற்று முளைத்து நான்கு விரல் உயர்ந்ததும் புகையான் குஞ்சுகளை அதன்மேல் விடுவர். சில நாட்களில் வரிசை வரிசையாக நாற்றுகள் மடிந்து சாயும். எந்த வரிசை நிமிர்ந்து நிற்கிறதோ அந்த வரிசையின் பெயரைக் குறித்துக்கொள்வர். 1960களின் இறுதியில் இவ்வாறு நிமிர்ந்து நின்ற ஒருசில வரிசைகளுள் முட்கோ என்னும் இந்திய நெல், கோயம்புத்தூர் நிலையத்தின் கோ 22, அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7 ஆகியவை இருந்தன.

அடுத்த கேள்வி, இவற்றின் வலிமை ஒன்றா வேறா என்பது. இதனை ஆராய்ந்தவருள் தில்பாக் சிங் அத்வால், எம். டி. பாதக் என்னும் இந்திய அறிஞர் இருவர் முதன்மையானவர். அவர்கள் வலிய நெல்லையும் வலியற்ற நெல்லையும் கலந்து பார்த்தனர். முட்கோவின் கலப்பிற் பிறந்த முதல் தலைமுறை முழுவதும் பூச்சியைத் தாங்கி நின்றது. ஏ.எஸ்.டி. 7இன் கலப்பிலோ முதல் தலைமுறை முழுவதும் மடிந்தது! ஏழாம் எண் நெல்லின் வலிமை அழிந்துவிட்டதோ என்று ஐயுறும்படி ஆயிற்று. ஆனால் அம்முதல் தலைமுறைச் செடிகள் சிலவற்றைப் பூச்சியிலிருந்து காத்து, விளையவைத்து, அவற்றின் வித்தை விதைத்தபோது, இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாற்று நிமிர்ந்து நின்றது. பாட்டன் முகம் மகனிடம் மறைந்து பேரனிடம் தோன்றுவதை ஊரில் எவரும் கண்டிருப்பர். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒருங்கே வந்தாலன்றி வெளிப்படாத மரபணுவின் இயல்பு அது. ஆகவே முட்கோவில் இருப்பது ஒரு மரபணு, ஏ.எஸ்.டி. 7இல் இருப்பது வேறொரு மரபணு. 1971இல் வெளியான இவ்வாராய்ச்சி முன்னதைப் புகையான் எதிர்ப்பு மரபணுக்களுள் முதலாவது என்றும், பின்னதை இரண்டாவது என்றும் குறித்தது. பொருநைக்கரையின் சிவப்பு நெல் இவ்வாறு உலக அறிவியல் நூல்களில் இடம்பெற்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. 1973இல் முதல் மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 26 என்னும் நெல் வெளியிடப்பட்டது. அதற்கு அம்மரபணுவைத் தந்தது சென்னைக்கு அருகே திரூர்க்குப்பம் நிலையத்தில் உருவான டி.கே.எம். 6. இதில் ஒரு விந்தை உண்டு. டி.கே.எம். 6 தானே புகையானைத் தாங்காது. அதனிடம் எதிர்ப்பு மரபணுவும் இருந்தது, அம்மரபணுவை அடக்கும் மற்றொன்றும் இருந்தது. கலப்பில் அவ்விரண்டும் பிரிந்தபோதுதான் மறைந்து கிடந்த செல்வம் தெரியவந்தது. ஐ.ஆர். 26ஐ உழவர் மகிழ்ந்து ஏற்றனர். அம்மகிழ்ச்சி இரண்டு மூன்று ஆண்டுகளே நிலைத்தது. அந்நெல்லையும் உறிஞ்சவல்ல புகையான் இனம் ஒன்று தோன்றிப் பெருகியது. அப்போது ஆராய்ச்சியாளர் கையில் இரண்டாவது மரபணு ஆயத்தமாக இராவிடில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருக்கிறது. பஞ்சாபிற் பிறந்த குர்தேவ் சிங் குஷ் என்னும் அறிஞர் தலைமையில், இரண்டாவது மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 36, 1976இல் வெளிவந்தது.

ஐ.ஆர். 36க்கு அம்மரபணு நேராக வந்த வழி ஏ.எஸ்.டி. 7 அன்று, பாலக்காட்டை அடுத்த பட்டாம்பி நிலையத்து நெல்லின் வழியாக வந்தது. எனினும் அது எந்த மரபணு, எவ்வாறு தலைமுறைகளில் நடக்கும் என்று அறியச்செய்தது அம்பை நெல்லே. ஐ.ஆர். 36இன் குலமுறையைப் பார்த்தால் ஆறு நாடுகளின் 13 நெல் வகைகள் அதில் உள்ளன. டி.கே.எம். 6 அவற்றுள் ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேர்க்கப்பட்ட காட்டுநெல் ஒன்றும் உண்டு. ஒருவகை நச்சுயிரி நோயைத் தாங்கும் நெல்லுக்காக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளைச் சோதித்தும் பயனில்லாதபோது, உண்ணவும் உதவாத அக்காட்டுநெல் ஒன்றுதான் கைகொடுத்தது. பதின்மூன்று பேரின் சீதனத்தோடு வந்த மணமகளைப்போல வந்த ஐ.ஆர். 36, 1980களில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் எக்டேரில் பயிரிடப்பட்டது. அதுவரை எந்த நெல்வகையும் அத்தனை பரப்பில் விளைந்ததில்லை.

இவ்வரலாற்றில் சிந்திக்கத்தக்க இடம் ஒன்று இனித்தான் வருகிறது. பிலிப்பைன்சில் வெற்றிபெற்ற ஏ.எஸ்.டி. 7 இந்தியாவில் வெற்றிபெறவில்லை. தென்னாசியாவில் வாழும் புகையான் வேறோர் இயல்பினது. முதல் மரபணு, இரண்டாவது மரபணு இரண்டையும் அது பொருட்படுத்துவதில்லை. ஆகையால் அம்பாசமுத்திரத்து நெல்லை அம்பாசமுத்திரத்திலேயே வைத்துச் சோதித்திருந்தால், தத்துப்பூச்சிக்கு ஆகாத நெல் என்று ஒதுக்கியிருப்பர். அதன் தகுதியை அறிய அது வேறொரு நாட்டின் வயலில் நிற்க வேண்டியிருந்தது. அதுபோலவே தென்னாசியப் புகையானைத் தாங்கும் வகைகள் பட்டாம்பியிலும், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இலங்கையிலும் இருந்தன. இலங்கையின் ரத்து ஹீனட்டி என்னும் நெல்லிலிருந்து மூன்றாவது மரபணுவும், பாபவீ என்னும் நெல்லிலிருந்து நான்காவது மரபணுவும் கண்டறியப்பட்டன. சிங்களத்தில் ரத்து என்றால் சிவப்பு. பொருநை கடலோடு கலக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க தீவின் சிவப்பு நெல்லும், பொருநைக்கரையின் சிவப்பு நெல்லும் லாஸ் பானியோசின் ஒரே தட்டில் அடுத்தடுத்த வரிசையில் முளைத்தன.

இக்கொடுக்கல் வாங்கல் தற்செயலாக நடைபெறுவது அன்று. அதற்கு ஓர் அமைப்பு உண்டு. 1949இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் பன்னாட்டு நெல் ஆணையம் அமைந்தது. 1950களில் அந்நிறுவனம், கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெருவேலையைத் தொடங்கியது. கோயம்புத்தூரில் நெல் வல்லுநராகப் புகழ்பெற்ற கே. ராமையா கட்டாக் நிலையத்தின் முதல் இயக்குநர். இவ்வேலைக்கு வழிவகுத்தவரும் அவரே. ஜப்பானிய நெல்லை வெப்பநாட்டு நெல்லோடு கலந்து, பிறந்த வித்துகளை அந்தந்த நாட்டுக்கு அனுப்புவர். தத்தம் மண்ணுக்கு ஏற்றதை அவரவர் தேர்ந்துகொள்வர். முயற்சி பெரிது, பலன் சிறிது என்றே சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான கலப்புகளில் உழவர் வயலுக்கு வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் அச்சிலவற்றின் வாழ்வு நீண்டது. ஆடுதுறை 27 என்பது ஜப்பானிய நெல்லுக்கும் கோயம்புத்தூரின் ஜி.ஈ.பி. 24க்கும் பிறந்தது. மலேயாவுக்குச் சென்ற வித்திலிருந்து 1965இல் மஷூரி என்னும் நெல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது பின்னர் இந்தியாவுக்குத் திரும்பி, தமிழ்நாட்டிற் பொன்னி என்னும் பெயர் பெற்றது. அதிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைப்பொன்னி 1986இல் வெளியாயிற்று. இன்று வீடுகளில் பொன்னியரிசி என்று விரும்பி உண்ணும் சோறு, தைவானும் மலேயாவும் கட்டாக்கும் கூடிச் சமைத்தது என்பதை உண்பவருட் பலர் அறியார்.

1975இல் இக்கூட்டுறவு மேலும் விரிந்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளை இணைத்து நெற்சோதனை வலையம் ஒன்றை ஏற்படுத்தியது. ஒவ்வொரு நாடும் தன் சிறந்த வகைகளுட் சிலவற்றை அனுப்பும். அவையெல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு எல்லா நாடுகளுக்கும் செல்லும். ஒரே நெல் நாற்பது ஐம்பது மண்களில் விளைந்து, அதன் குணமும் குற்றமும் தெரியவரும். பிடித்ததை எவரும் தம் கலப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அம்பாசமுத்திரம் இதனால் பெற்றது என்ன? 1991இல் அந்நிலையம் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 18, ஆடுதுறை 31ஐயும் ஐ.ஆர். 50ஐயும் கலந்து பெற்றது. ஐ.ஆர். 50 என்பது ஐ.ஆர். 36இன் வழித்தோன்றல். ஆகவே காட்டுநெல்லின் குருதியும், திரூர்க்குப்பத்தின் குருதியும், பட்டாம்பியின் குருதியும் ஊர் சுற்றி உலகம் சுற்றி அம்பைக்கு வந்து சேர்ந்தன. ஏ.எஸ்.டி. 7ஐக் கொடுத்ததற்காக எவரும் ஒரு காசும் கொடுத்தாரில்லை, கேட்டாருமில்லை. கொடுத்த விதைக்கு ஈடாக விதையே திரும்பி வந்தது. அந்நாளைய ஏற்பாட்டின் அழகு அது. அதன் குறையும் அதுவே. அந்நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த உழவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இக்குறை 1990களில் பெரிய வழக்காக உருவெடுத்தது. உயிரித் தொழில்நுட்பம் வளர, ஒரு மரபணுவுக்குப் பெரும் விலை கிடைக்கலாம் என்ற எண்ணம் வந்தது. 1997இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாசுமதி நெல்வகைகளின்மேல் காப்புரிமை பெற்றது. இந்தியா மறுப்பு எழுப்ப, 2001இல் அவ்வுரிமையின் பெரும்பகுதி நீங்கியது. ஆனால் மனங்களில் புகுந்த ஐயம் நீங்கவில்லை. விதைப் பொட்டலங்களை மனம் விரும்பி அனுப்பிய நாடுகள் தயங்கின; பரிமாற்றம் சுருங்கியது. மாலி நாட்டுக் காட்டுநெல்லின் கதை இத்தயக்கத்தின் இருபுறத்தையும் காட்டும். நெல்லின் இலைக்கருகல் நோயை அது தாங்கும் என்பது 1977இல் கட்டாக்கிற் கண்டறியப்பட்டது. அக்குணம் லாஸ் பானியோசில் பயிர்நெல்லுக்கு ஏற்றப்பட்டது. 1995இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அம்மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை பெற்றபோது, வித்தைத் தந்த நாட்டுக்கும் பங்கு சேரவேண்டும் எனக் கருதி ஒரு நிதியத்தையும் ஏற்படுத்தியது. எண்ணம் நல்லது. ஆனால் உரிமம் வாங்க முன்வந்த நிறுவனங்கள் பின்வாங்கிவிட்டமையால் எதிர்பார்த்த பணம் வரவில்லை.

பணத்தால் வராத பயன் நெல்லால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே மரபணுவை வேறு இரண்டோடு சேர்த்து, ஐதராபாத்தில் உள்ள இரண்டு இந்திய நிலையங்கள் சம்பா மஷூரி நெல்லுக்குள் ஏற்றின. 2008இல் அது உழவர்க்கு வழங்கப்பட்டது. இங்கே பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம். முன்பு எந்த நாற்றில் எதிர்ப்பு உண்டு என்றறிய நோயை ஏவி, மடிவதைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது நாற்றின் இலைத்துணுக்கு ஒன்று போதும். அதன் மரபணு எழுத்துகளைப் படித்தே, மூன்று மரபணுக்களும் உள்ள நாற்றைத் தேர்ந்துவிடலாம்.

அவ்வெழுத்துகளைப் படிக்கக் கற்றதும் ஒரு நாட்டின் வேலையன்று. நெல்லின் 12 குரோமோசோம்களை ஜப்பான் தலைமையில் பத்து நாடுகள் தம்முட் பகிர்ந்துகொண்டு படித்தன. பதினொன்றாவதன் ஒரு பகுதி இந்தியாவின் பங்கு. தில்லியில் அவ்வேலை நடந்தது. 2005இல் முழு ஏடும் வெளியாயிற்று. உலகில் எவரும் விலையின்றிப் பார்க்கலாம். அந்த ஏட்டின் துணையாலேயே ஏ.எஸ்.டி. 7இன் கதையில் ஒரு முடிச்சும் அவிழ்ந்தது. 2014இல் ஜப்பானிய அறிஞர், ஏ.டி.ஆர். 52 என்னும் இந்திய நெல்லிலிருந்து புகையான் எதிர்ப்பு மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். வேறொன்று எனக் கருதித் தனி எண் இட்டிருந்த அம்மரபணு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டபோது, 1971இல் ஏ.எஸ்.டி. 7இற் கண்ட இரண்டாவது மரபணுவாகவே இருந்தது. தண்டின் சாற்றுக்குழாயிலிருந்து பூச்சி உறிஞ்சாதபடி அது தடுக்கிறது என்பதும் தெரியவந்தது.

சட்டங்களும் இதற்கிடையே வந்தன. 2001இல் இந்தியா இயற்றிய பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உழவன் தன் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உள்ள உரிமையை உறுதிசெய்தது. 2004இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம், நெல் முதலிய உணவுப்பயிர்களின் விதையை நாடுகள் தம்முட் பகிர்ந்துகொள்வதற்குப் பொதுவான நெறியொன்றை வகுத்தது. நெறி இருந்தும் விதை தானே நடந்து செல்லாது. கம்போடியாவில் 1970களின் கொடுங்கோன்மையிலும் போரிலும் உள்ளூர் நெல்வகைகள் அழிந்தன. உண்ணவும் விதைக்கவும் நெல்லில்லை. போருக்கு முன் சேர்த்து லாஸ் பானியோசில் வைத்திருந்த நூற்றுக்கணக்கான கம்போடிய வகைகளின் வித்துகள் 1980களில் அந்நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. கொடுக்காமல் வைத்திருந்தால் எல்லாம் போயிருக்கும். இன்று அந்நிலையத்தின் குளிரறைகளில் 1,30,000க்கு மேற்பட்ட நெல் வித்துகள் உறங்குகின்றன.

2025 மே மாதத்தில் இந்தியா, மரபணுவில் நுண்ணிய திருத்தம் செய்த இரண்டு நெல்வகைகளை அறிவித்தது. அவற்றுள் ஒன்றாகிய கமலா, சம்பா மஷூரியைத் திருத்திப் பெற்றது. திருத்தும் கருவியின் வழியைக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு, அமெரிக்க நாட்டு மாதர் இருவர். அதற்காக 2020இல் நோபல் பரிசு பெற்றனர். திருத்தப்பட்ட நெல்லோ, கோயம்புத்தூரின் ஜி.ஈ.பி. 24, தைவானின் குட்டை நெல், மலேயாவின் மஷூரி என மூன்றின் வழிவந்தது. கருவிக்கு உரிமை கொண்டாடுவோர் எவ்வளவு கேட்பர், அந்த விலை உழவன் வாங்கும் விதையின்மேல் ஏறுமா என்பவை தீராத கேள்விகள்.

புதுவகைகள் வரவர, பொருநைக்கரையில் மடைக்கு மடை விளைந்த பழைய நெற்கள் வயலை விட்டு மறைந்தன. ஏ.எஸ்.டி. 7ஐ இன்று அங்குள்ள உழவர் பயிரிடுவதில்லை. ஆனால் புகையானைப் பற்றி ஆராயும் கூடங்களில் அதற்கு வேலை ஓயவில்லை. ஒரு நாட்டில் எவ்வகைப் புகையான் வந்திருக்கிறது என்று அறிய வேண்டுமானால், எந்த நெல் மடிகிறது, எந்த நெல் நிற்கிறது என்று பார்ப்பதே வழி. அதற்காக மண் பரப்பிய தட்டில் தைவானின் நெல் ஒரு வரிசை, முட்கோ ஒரு வரிசை, இலங்கையின் ரத்து ஹீனட்டி ஒரு வரிசை, பட்டாம்பியின் நெல் ஒரு வரிசை என விதைப்பர். அவற்றுக்கு நடுவே ஒரு சிறு சீட்டில் ஏ.எஸ்.டி. 7 என்று எழுதி நட்டிருக்கும்.